சென்சரிமோட்டார் ரிதம்: அசையாத பூனையின் அலை

மூளை அலைகளைப் பற்றிப் படிப்பவர்கள் எஸ்.எம்.ஆர். என்ற சுருக்கத்தைப் பார்த்திருப்பார்கள். விரித்தால் சென்சரிமோட்டார் ரிதம். விழித்திருக்கும்போது வினாடிக்கு ஏறக்குறைய 12 முதல் 15 முறை எழுந்து தாழும் மின் அலை இது.

‘சென்சரி’ உணர்தலையும் ‘மோட்டார்’ அசைத்தலையும் குறிக்கும் லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிறதே, அந்த மோட்டாரும் இதே சொல்தான். ‘ரிதம்’ கிரேக்கம்.

இந்தப் பெயரைத் தமிழாக்கும்போது இடறல் ‘மோட்டார்’ என்ற சொல்லில்தான். 1960களில் அமெரிக்காவில் பாரி ஸ்டெர்மனும் வாண்டா விர்விட்ஸ்காவும் பூனைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். நெம்புகோலை அழுத்தினால் பால் கிடைக்கும் என்று முதலில் பழக்கினார்கள். அப்புறம் விதி மாறியது: ஓர் ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் பால் கிடையாது. பூனை சிலையாக நின்றது. கவனம் மட்டும் கூர்மையாக இருந்தது. வீட்டில் மீன் ஆயும்போது அரிவாள்மனைக்கு இரண்டடி தள்ளி ஒரு பூனை நிற்குமே, அந்த நிற்பு. அப்போதுதான் இந்த அலை ஓங்கியது. பெயரில் அசைவு இருக்கிறது, ஆனால் அலை வருவது அசைவு அடங்கும்போது!

அடுத்து, அந்த அலை தோன்றினால் மட்டுமே பால் கொடுத்தார்கள். பூனைகள் அதையும் கற்றுக்கொண்டன. (பி.எட். புத்தகங்களில் இவ்வகைக் கற்றலுக்குச் ‘செயல்படு ஆக்கநிலையிறுத்தம்’ என்று பல்லுடைக்கும் பெயர்.) பிறகு ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில்ஹைட்ரசீனின் நச்சுத்தன்மையைச் சோதித்தபோது, இப்படிப் பழகிய பூனைகளுக்கு வலிப்பு தாமதமாகவே வந்தது. வலிப்பு நோயாளிகளுக்கு மூளை அலைப் பயிற்சி கொடுத்துப் பார்க்கும் எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘உணர்வியக்கத் தாளம்’ என்றால் இரண்டு தவறு. உணர்வு என்றதும் கோபமும் அழுகையும் நினைவுக்கு வரும். இங்கே வேண்டியது புலன். தாளம் என்றால் யாரோ தட்ட வேண்டும். இது தானாக எழுவது, எனவே ‘சீரலை’ போதும். ‘புலனியக்கச் சீரலை’ என்றாலும் அசைவின் அலை என்றே படிப்பார்கள். மூலப்பெயர் சொல்வது அலையின் வேலையை அல்ல, அது பதிவாகும் இடத்தை, அதாவது மூளையின் மேலடுக்கான புறணியில் தொடுபுலனையும் அசைவையும் கவனிக்கும் பகுதியை. ஆகவே ‘புறணி’ என்பதையும் சேர்த்து, புலனியக்கப் புறணிச் சீரலை. நீளம்தான். ஒரு கட்டுரையில் முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த இடங்களில் சீரலை என்று விடலாம்.