பென்டிரைவுக்குத் தாராளம், ஹார்டு டிஸ்குக்குக் கெடுபிடி

லினக்ஸ் கணினியில் பென்டிரைவைச் செருகினால் எதுவும் கேட்காமல் திறந்துவிடும். அதே கணினிக்குள் இருக்கும் விண்டோஸ் பார்ட்டிஷனை, அதாவது வட்டில் விண்டோஸுக்கு ஒதுக்கிய பகுதியை, திறக்கப் போனால், பல நேரம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். எங்கிருந்தோ வந்த பென்டிரைவை நம்புகிறது, சொந்த வட்டைச் சந்தேகிக்கிறதா?

லினக்ஸ் சேர்ந்த யூனிக்ஸ் குடும்பத்தில் சி, டி என்று டிரைவ்களுக்குத் தனி எழுத்து கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தில் இருக்கும். புதிய வட்டை அந்த மரத்தின் ஒரு கோப்புறையில் பொருத்துவதுதான் மவுண்ட். பொருத்தியதும் அந்தக் கோப்புறையில் முன்பு இருந்தவை மறைந்து, வட்டில் இருப்பவை தெரியும். சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. பயனர் பட்டியலும் அமைப்புக் கோப்புகளும் இருக்கிற எட்ஸி கோப்புறையின் மேல் ஒருவர் தன் பென்டிரைவைப் பொருத்தினால், அவர் எழுதிவைத்த பயனர் பட்டியல்தான் கணினிக்குச் சட்டம்.

இன்னொரு வழி இதைவிடத் தந்திரமானது. செட்யூஐடி என்றொரு குறி உண்டு. அது உள்ள நிரலை யார் இயக்கினாலும், நிரல் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். பெல் ஆய்வகத்தின் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது. 1979இல் காப்புரிமையும் கிடைத்தது. நம் வீட்டுக் கணினியில் நாமே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி, என்பதால், உரிமையாளர் ரூட், செட்யூஐடி குறியும் உண்டு என்று ஒரு ஷெல்லை (நாம் தரும் கட்டளைகளை இயக்கும் நிரல்) பென்டிரைவில் எழுதிவைக்க எந்தத் தடையும் இல்லை. அதை அலுவலகக் கணினியில் அப்படியே மவுண்ட் செய்ய முடிந்தால், அங்கேயும் நாம் ரூட். வட்டில் எழுதியிருப்பதை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அப்படியே நம்பிவிடும்.

வட்டு போன்ற சாதனங்களைக் கோப்பாகக் காட்டும் சாதனக் கோப்புகளும் அப்படித்தான். 8, 0 என்ற எண் ஜோடி லினக்ஸில் வழக்கமாக முதல் சாட்டா வட்டைக் குறிக்கும். அந்த எண்களோடு, யாரும் படிக்கலாம் என்ற அனுமதியோடு ஒரு சாதனக் கோப்பு பென்டிரைவில் இருந்தால், கணினியின் வட்டு முழுவதையும் அதன் வழியே படித்துவிடலாம்.

அதனால்தான் மவுண்ட் அழைப்பு ரூட்டின் கையில் இருக்கிறது. சாதாரணப் பயனருக்கு வழிவிட, எதை எங்கே பொருத்துவது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பார்ட்டிஷனின் வரியில் 'யூசர்' என்று நிர்வாகி எழுதலாம். எங்கே பொருத்துவது என்பதும் அதே வரியில் இருப்பதால் பயனர் இடத்தை மாற்ற முடியாது. 'யூசர்' என்று எழுதினாலே நோசூயிட், நோடெவ், நோஎக்ஸெக் மூன்றும் சேர்ந்துகொள்ளும்: செட்யூஐடி செல்லாது, சாதனக் கோப்பு செல்லாது, அங்கிருந்து நிரல்களை இயக்கவும் முடியாது. கடைசியானது வேண்டாமென்றால் 'யூசர்'க்குப் பிறகு 'எக்ஸெக்' சேர்க்க வேண்டும். முன்னால் எழுதினால் பயனில்லை, பின்னால் வருவதுதான் எடுபடும். 'யூசர்' என்றால் பொருத்தியவர்தான் கழற்றலாம். 'யூசர்ஸ்' என்று எழுதினால் யாரும் கழற்றலாம்.

சரி, பென்டிரைவ் மட்டும் எப்படிச் சும்மா திறக்கிறது? டெஸ்க்டாப்பில் ரூட்டாக ஓடும் யூடிஸ்க்ஸ் என்ற சேவைதான் நமக்காக மவுண்ட் செய்கிறது. இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கும். நோசூயிட், நோடெவ் இரண்டையும் போடும். அனுமதிக்கலாமா என்று, யாருக்கு எதற்கு அனுமதி என முடிவுசெய்யும் போல்கிட்டைக் கேட்கும். கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவர், கழற்றக்கூடிய வட்டு என்றால் பொதுவாகச் சம்மதம்தான். பென்டிரைவைக் கையில் வைத்திருப்பவர் அதை எந்தக் கணினியிலும் படித்துக்கொள்ளலாமே, தடுத்து என்ன லாபம்? உள்ளே இருக்கும் வட்டு கணினியைச் சேர்ந்தது, அதில் வேறொருவரின் கோப்புகள் இருக்கலாம். அதனால் கடவுச்சொல்.

மவுண்ட் ஆன பிறகு எழுத முடியாமல் பலர் திண்டாடுவது வேறு காரணத்தால். பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் வடிவில் உரிமையாளர் என்ற தகவலே இல்லை. யாருடையது, என்ன அனுமதி என்பதை மவுண்ட் செய்யும்போதே யூஐடி (உரிமையாளரின் எண்), யூமாஸ்க் (விலக்க வேண்டிய அனுமதிகள்) விருப்பங்களால் சொல்லிவிட வேண்டும். பிறகு உரிமையாளரை மாற்றும் சவுன் கட்டளை கொடுத்தால் மறுத்துவிடும். லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4 நேரெதிர். உரிமையாளரின் எண் வட்டிலேயே இருக்கும், பெயர் இருக்காது. உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. வீட்டில் 1000 நீங்கள், அலுவலகத்தில் 1000 வேறொருவர் என்றால், அங்கே உங்கள் கோப்புகளுக்கு அவர்தான் உரிமையாளர். புதிய எக்ஸ்ட்4 வட்டுக்குச் சவுன் கொடுப்பதென்றால் மவுண்ட் செய்த பிறகே கொடுக்க வேண்டும். முன்பே கொடுத்தால் மாறுவது அடியில் மறையப்போகும் கோப்புறைதான்.

நோசூயிட் போட்டாலும் தீராத ஆபத்து ஒன்று உண்டு. வேண்டுமென்றே கோணலாக எழுதிய ஒரு வட்டு, அதைப் படிக்கும் கெர்னல் நிரலையே தடுமாற வைக்கலாம். வட்டைப் படிக்கும் அந்த வேலையைக் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக ஓட வைக்கும் ஏற்பாடு ஃப்யூஸ். 2005இல் லினக்ஸ் 2.6.14இல் சேர்ந்தது. ஃப்யூஸ் வழியே ஒருவர் பொருத்தியதை, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், ரூட்கூட எட்டிப் பார்க்க முடியாது. கோப்பைக் கேட்டால் பதிலே சொல்லாமல் ரூட்டின் நிரல்களை முடிவில்லாமல் காக்க வைக்க அந்தப் பயனரால் முடியும் என்பதே காரணம்.