முட்டி வீங்கினால் பாதத்தையும் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மாலையானால் திடலில் பந்து, செம்பனைக்குள் மண்சாலையில் மோட்டார் சைக்கிள். பிள்ளை விழுந்து முட்டி வீங்கினால், "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவிவிடலாம்" என்பார்கள். வளரும் பிள்ளைக்கு இது ஆபத்தான யோசனை.

பிள்ளைகளின் நீள எலும்புகளில், முனையை ஒட்டி வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு உண்டு. அங்கே செல்கள் பெருகி, வரிசை கட்டி, பருத்து, எலும்பாக மாறுவதால்தான் கால் நீளுகிறது. முட்டிக்கு மேலே உள்ள தட்டு தொடை எலும்பை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்க்கும், கீழே உள்ளது கீழ்க்கால் எலும்பை 6 மி.மீ. பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும் பையன்களுக்கு 16, 17 வயதிலும் தட்டு மூடிக்கொள்ளும். அதுவரை, மூட்டைக் கட்டியிருக்கும் நார்களைவிட இந்தத் தட்டுதான் பலவீனம். பெரியவருக்கு நார் கிழிகிற அடியில் பிள்ளைக்குத் தட்டு பிளந்துவிடலாம். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், விலகிய எலும்பு தானாகத் திரும்பிவிட்டால் படம்கூடச் சாதாரணமாக இருக்கலாம்.

முட்டிக்குப் பின்குழியில், எலும்பை ஒட்டியே, கீழ்க்காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. முட்டிக்குச் சற்றுக் கீழே அது கிளை பிரியும் இடத்தில் சுற்றியுள்ள திசுக்கள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால், நகர்ந்து தப்ப வழியில்லை. முட்டி வழக்கத்துக்கு எதிராக முன்பக்கமாக மடங்கும்படி அடி விழுந்து கீழ்த் தட்டு பிளந்தால், எலும்பின் தண்டு பின்னால் நகர்ந்து நேராக இந்தத் தமனியை அழுத்தக்கூடும்.

தமனி அறுந்தால்தான் ஆபத்து என்றில்லை. இழுபட்டு உள்சுவர் மட்டும் கிழிந்தாலும் போதும். முதலில் ரத்தம் ஓடும், சில மணி நேரம் கழித்து அங்கே ரத்தம் உறைந்து அடைத்துவிடலாம். பக்கக் கிளைகள் வழியே கொஞ்சம் ரத்தம் வருவதால் பாதம் சூடாகவே இருக்கலாம், தசைக்கோ அது பற்றாது. ஆகவே முதலில் நாடி கிடைத்தது என்று நிம்மதியடைய முடியாது, மருத்துவமனையில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ரத்தம் முற்றிலும் நின்றால் சுமார் 6 மணி நேரத்தில் தசை மீள முடியாமல் சேதமாகும்.

ஈப்போ பெரிய மருத்துவமனை தூரமில்லை. நேரம் போவது வீட்டில்தான்: உருவுவது, வலி மாத்திரை, அப்புறம் "விடியட்டும்". முட்டி கோணினாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ, பாதம் வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனாலோ, கால் விரலை லேசாக நீட்டினாலே பிள்ளை அலறினாலோ காத்திருக்கக் கூடாது. உருவாமல், இழுக்காமல், கால் இருக்கும் நிலையிலேயே பலகை வைத்துக் கட்டி 999-ஐ அழையுங்கள். மருத்துவர்கள் மயக்கம் கொடுத்து எலும்பை இடத்துக்குக் கொண்டுவருவார்கள். பல நேரம் அதிலேயே ரத்தம் திரும்பும். இல்லையென்றால் தமனியைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை.

கால் பிழைத்த பிறகு தட்டின் கணக்கு வருகிறது. டொராண்டோவைச் சேர்ந்த சால்டர், ஹாரிஸ் என்ற இரு மருத்துவர்கள் 1963-இல் இந்த முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் முட்டியருகே லேசான வகை முறிவில்கூட வளர்ச்சி நின்றுபோவதுண்டு. 12 வயதுப் பையனுக்குத் தொடை எலும்பின் தட்டு முழுதும் நின்றால், வளர்ச்சி முடிவதற்குள் 4 செ.மீ. வரை வித்தியாசம் வரலாம். ஒரு பக்கம் மட்டும் நின்றால் கால் வளையும். பிள்ளை நன்றாக நடக்கும்போதும் சில ஆண்டுகளுக்கு மருத்துவர் வரச்சொல்வது இதற்காகத்தான். நேரத்தில் தெரிந்தால், மற்ற காலின் தட்டை உரிய வயதில் நிறுத்தி இரண்டையும் சமமாக்கலாம். வயது தாண்டி, வித்தியாசமும் பெரிதாக இருந்தால், எலும்பை வெட்டி மெல்ல மெல்ல நீட்டும் நீண்ட சிகிச்சை தேவைப்படும்.