எஞ்சினை முந்திச் சுற்றும் தண்டு

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக்குகளைப் புதுப்பிக்கும் காணொளிகளை விரும்பிப் பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "1972 செவர்லே சி10 வண்டியில் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு 700ஆர்4 கியர்பாக்ஸ் மாட்டுகிறார்கள். அதன் நான்காவது கியரில் சக்கரங்கள் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் வெளித்தண்டு எஞ்சினைவிட வேகமாகச் சுற்றுமாம். எப்படி?"

எதற்காக மாற்றுகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். கழற்றப்படும் பழைய மூன்று கியர் பெட்டியான டர்போ ஹைட்ராமேட்டிக் 350இன் கடைசி கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் வெளியே போகும் தண்டும் ஒரு சுற்றுதான். பின் ஆக்சில் விகிதம் 3.73 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்குத் தண்டு 3.73 சுற்று), டயர் விட்டம் 28 அங்குலம் என்றால், 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,780 முறை சுற்ற வேண்டும். 0.70 விகிதமுள்ள, அதாவது எஞ்சினின் 0.70 சுற்றுக்கே தண்டை ஒரு சுற்று சுற்றவைக்கும் நான்காவது கியர் கிடைத்தால் அது 1,950க்கு இறங்கும். இரைச்சல் அடங்கும், பெட்ரோலும் மிச்சம். ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல்களில் 700ஆர்4ஐக் கொண்டுவந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியும், அமெரிக்கா 1975இல் இயற்றிய எரிபொருள் சிக்கனச் சட்டமும் நெருக்கியிராவிட்டால் இது இன்னும் தள்ளித்தான் போயிருக்கும் என்பது என் எண்ணம். நல்ல சட்டம் நல்ல பொறியியலை வெளியே கொண்டுவரும்.

சரி, கேள்விக்கு வருவோம். மேசைமேல் ஓர் உருண்டைப் பென்சிலை வையுங்கள். அதன்மேல் ஸ்கேலைப் படுக்கவைத்து, லேசாக அழுத்தியபடி தள்ளுங்கள். ஸ்கேல் 10 செ.மீ. போகும்போது பென்சில் 5 செ.மீ.தான் நகர்ந்திருக்கும். உருளைக் கட்டைகள்மேல் பெரிய கல்லைத் தள்ளுகிறவர்கள், பின்னால் விடுபட்ட கட்டையை எடுத்தெடுத்து முன்னால் போடுவது இதனால்தான். இப்போது திருப்பிப் பாருங்கள்: பென்சிலை 5 செ.மீ. உருட்டினால் ஸ்கேல் 10 செ.மீ. ஓடியாக வேண்டும்! எஞ்சினைவிடத் தண்டை வேகமாகச் சுற்றவைக்கும் இத்தகைய கியருக்கு ஓவர்டிரைவ் என்று பெயர்; அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மேசையை நடுவில் ஒரு பல்சக்கரமாகச் சுருட்டுங்கள், அது சூரியன். ஸ்கேலை வளைத்து, உட்புறம் பற்கள் கொண்ட வெளிவளையமாக்குங்கள். இடையில் உருளும் பென்சில்கள்தான் கோள் சக்கரங்கள். அவற்றை ஒரு சட்டம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நான்காவது கியரில் ஓர் எஃகுப் பட்டை சூரியனை இறுக்கி நிறுத்திவிடும். கோள்களைப் பிடித்திருக்கும் சட்டத்தை எஞ்சின் சுழற்றும். கோள்கள் சூரியன்மேல் உருண்டபடியே வளையத்தை முன்னால் தள்ளும். வளையம் வெளித்தண்டோடு இணைந்தது.

சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 70 பல் என்று வைத்துக்கொள்வோம். கோள்களின் மையம் ஓடும் பாதை இரண்டுக்கும் நடுவே, அதாவது 50 என்ற அளவில். ஸ்கேல் கணக்குப்படி வளையம் அதன் இரு மடங்கான 100ஐக் கடக்க வேண்டும். வளையத்தின் ஒரு சுற்றே 70 என்பதால் 100ஐ 70ஆல் வகுக்க, 1.43 சுற்று. எஞ்சினின் ஒரு சுற்றுக்குத் தண்டு 1.43 சுற்று, தலைகீழாக்கினால் அதே 0.70! இந்தக் கணக்கைப் பள்ளியிலேயே பென்சிலோடு காட்டியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். வேகம் கூடும் அளவுக்கு முறுக்குவிசை குறையும்; அதனால் மேட்டில் வண்டி மூன்றாவது கியருக்கு இறங்கிவிடும்.

மாட்டும் வேலையில் பெரும்பாலும் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இடத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். அது பட்டறை வேலை. கவனம் வேண்டியது ஒரு மெல்லிய கேபிளில். சூரியனை நிறுத்தும் பட்டையையும் கிளட்ச் தகடுகளையும் இறுக்குவது ஆயில் பிரஷர். எஞ்சின் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, பிடியும் அவ்வளவு இறுக வேண்டும். அந்தச் செய்தியை, எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது இந்தக் கேபிள்தான். பழைய கியர்பாக்ஸிலும் ஒரு கேபிள் உண்டு. அதன் வேலை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது கியரை இறக்குவது மட்டும். இதையும் அப்படியே நினைத்துத் தொய்வாக விட்டால், பிடி வழுக்கும், தகடுகள் தேயும், சிவப்பு ஆயில் பழுப்பாகிக் கருகல் வாடை அடிக்கும். அப்புறம் கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியதுதான். அதனால் வண்டியை நகர்த்துவதற்கு முன், எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்க, இன்னொருவர் கார்புரேட்டர் பக்கம் நின்று, கேபிள் கடைசிவரை இழுபடுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.