மடித்த டோர்ட்டியாவுக்குள் சீஸ் உருகும் விதம்

மெக்சிகோவின் வட மாநிலங்களான சொனோராவிலும் சிவாவாவிலும் கோதுமை டோர்ட்டியாவின் (சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டி) ஒரு பாதியில் சீஸைத் துருவிப் பரப்பி, மறுபாதியை அதன்மேல் மடித்து, கல்லில் இருபுறமும் சுட்டெடுக்கிறார்கள். கேசடியா எனப்படும் இப்பண்டம் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும் இரவுகளில் பத்து நிமிடத்தில் தயாராகிவிடும். ஆனாலும் சில நேரம் மடிப்பு வெடித்துவிடுகிறது; சில நேரம் வெளியே கருகியும் உள்ளே சீஸ் உருகுவதில்லை.

மடிப்பு வெடிப்பதற்குக் காரணம் மாவுச்சத்து. சுடும்போது நீரை உறிஞ்சிக் குழையும் மாவுச்சத்தின் மூலக்கூறுகள், ஆறியபின் மெல்ல மெல்ல மீண்டும் வரிசையாக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இந்த மாற்றம் விரைவாக நடப்பதால், குளிர்பதனப் பெட்டியில் வைத்த டோர்ட்டியா விறைத்துப்போகிறது; அதை அப்படியே மடித்தால், மிகுதியாக இழுபடும் வெளிப்பரப்பில்தான் முதல் கீறல் விழும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அந்த இறுக்கம் பெருமளவு தளர்ந்துவிடும். ஆகவே டோர்ட்டியாவை முதலில் சூடான கல்லில் இருபுறமும் சற்றே காட்டிவிட்டுப் பிறகு மடிப்பதே சரியான முறை. கோதுமையில் குளூட்டன் புரதம் வலைபோல் பரவியிருப்பதால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோள மாவில் குளூட்டன் இல்லை. எனவே சோள டோர்ட்டியாவுக்கு இந்தச் சூடு இன்னும் அவசியம்.

அடுத்தது சீஸ். ரென்னெட் நொதியால் பாலைத் திரித்துச் செய்யும் சீஸில் கேசீன் புரதங்கள் கால்சியத்தின் துணையோடு ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்க, அவற்றின் இடுக்குகளில் கொழுப்பும் நீரும் தங்கியிருக்கின்றன. சூடேறும்போது முதலில் கொழுப்பு இளகுகிறது. இன்னும் சூடேறினால் புரதங்களின் பிடி தளர்ந்து மொத்தமும் வழியத் தொடங்குகிறது. நூல்கண்டாகச் சுற்றி விற்கப்படும், மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்துச் சீஸும், 1920களில் கனடாவிலிருந்து வந்து குடியேறிய மென்னோனைட் எனும் கிறித்தவப் பிரிவு மக்கள் சிவாவாவில் செய்யத் தொடங்கிய சீஸும் நன்றாக உருகக்கூடியவை. நம் பன்னீர் உருகாது. கொதிக்கும் பாலில் அமிலம் சேர்த்துத் திரிக்கும்போது கால்சியம் பெருமளவு கரைந்து வெளியேறிவிடுவதால், புரதங்கள் சூட்டில் தளராத வேறு வகைப் பிணைப்பில் இறுகிவிடுகின்றன. துருவிப் பாக்கெட்டில் அடைத்த சீஸில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸ் தூளோ தூவியிருப்பார்கள். அது சீராக உருகுவதற்கு இடையூறு செய்யும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவதே மேல்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தீயின் அளவு. டோர்ட்டியாவின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றி 140 டிகிரியை நெருங்கும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் வேகமாக உருவாகின்றன. தீயைக் கூட்டினால், வெப்பம் டோர்ட்டியாவைக் கடந்து சீஸின் நடுப்பகுதியை எட்டுவதற்குள் வெளிப்புறம் கருகிவிடும். மிதமான தீயில் வைத்து, முதல் சில நிமிடங்கள் மூடியிட்டு, பிறகு மூடியை எடுத்துவிட்டால் வெளியே பொன்னிறமாவதும் உள்ளே சீஸ் உருகுவதும் ஒரே நேரத்தில் முடியும். சீஸோடு கீரையோ காய்களோ சேர்ப்பதும் உண்டு. கீரையைப் பிழியாமல் வைத்தால் அதன் நீர் ஆவியாகி மாவை நனைத்துவிடும்; மசித்த பீன்ஸை மெல்லிய படலமாகத் தடவுவதே போதும். காய்களுக்குக் கீழும் மேலும் சீஸ் இருந்தால், உருகிய சீஸ் இரண்டு பக்கத்தையும் பிணைத்துக்கொள்ளும்.

கல்லிலிருந்து எடுத்ததும் வெட்டக் கூடாது. கொதிக்கும் சீஸ் நாக்கிலும் மேலண்ணத்திலும் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதோடு, அது இளகியிருக்கும்போது வெட்டினால் வெளியே வழிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்தால் புரதங்கள் மீண்டும் பற்றிக்கொண்டு கெட்டிப்படும். பலரும் முக்கோணமாக வெட்டுகிறார்கள். அப்போது நடுத்துண்டுக்கு மடிப்பு அநேகமாக இல்லாமலே போய், உள்ளிருப்பது பக்கவாட்டில் சிந்துகிறது. மடிப்புக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் ஒரு முனையும் மூடியே இருக்கும்; அந்த முனையைப் பிடித்துக்கொண்டால் சிறு பிள்ளைகளும் சிந்தாமல் தாமே தின்ன முடியும்.