விருந்தாளி நாற்காலி: பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பொங்கல் முடிந்த மறுவாரம் என் பிசியோதெரபி மையத்துக்கு வருகிறவர்களை வாசலில் பார்க்கும்போதே இரண்டு வகையாகப் பிரித்துவிட முடியும். முதல் வகையினர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் ஆட்டோவிலிருந்து இறங்குவார்கள். இவர்கள் ஊருக்குப் போய் நான்கு நாளும் உட்கார்ந்தே இருந்தவர்கள். இரண்டாம் வகையினர் நொண்டிக்கொண்டு வருவார்கள். இவர்கள் மூன்று நாள் உட்கார்ந்திருந்துவிட்டு நான்காம் நாள் ஊர் விளையாட்டுப் போட்டியில் கயிறு இழுத்தவர்கள். தாம்பரத்தை ஒட்டிய பகுதியில் தொழில் செய்வதால், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டங்களைச் சொந்த ஊராகக் கொண்டவர்கள். ஏன் இப்படி ஒரே இடத்தில் இருந்தீர்கள் என்று கேட்டால், இரு வகையினரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "அங்க போனா நம்மள ஒரு வேலையும் செய்ய விடமாட்டாங்க சார்."

இது சாக்கு அல்ல என்பதை நான் அனுபவத்தில் அறிவேன். என் மாமனார் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். அந்த வீட்டுத் திண்ணையை ஒட்டி, கைவைத்த மர நாற்காலி ஒன்று இருக்கிறது. நான் போய் இறங்கிய நிமிடத்தில் அதன்மேல் கிடக்கும் துணிகள் அகற்றப்பட்டு, அது எனக்கு உரியதாகிவிடும். பையை நான் தூக்கினால், "மாப்ள, நீங்க எதுக்கு அதத் தூக்குதிய? உக்காருங்க" என்று மைத்துனர் பிடுங்கிக்கொள்வார். தண்ணீர் குடிக்க எழுந்தால் செம்பு வந்துவிடும். கை கழுவ எழுந்தால்கூட யாராவது துண்டோடு நிற்பார்கள். ஒரு பொங்கலன்று கைபேசியில் என் நடைக்கணக்கைப் பார்த்தேன். சென்னையில் சாதாரணமாக 8,000 அடிகளைத் தாண்டுகிற நான், அன்று இரவு படுக்கப் போகும்போது 2,000 அடிகளைக்கூடத் தொட்டிருக்கவில்லை. நாள் முழுவதும் நோயாளிகளை நடக்கச் சொல்லி வற்புறுத்துகிறவனின் கணக்கு இது.

ஆகவே விடுமுறைப் பயணத்தில் உடல் இயங்காமல் போவதற்குச் சோம்பலைவிட உபசாரமே பெரிய காரணம் என்பது என் கருத்து. தனி அறையில் செய்யும் பத்துப் பயிற்சிகள் என்று படம் போட்டுக் கொடுப்பதால் இந்தச் சிக்கல் தீராது. கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருக்கும் வீட்டில் யாரும் தனியாகப் பயிற்சி செய்யப்போவதில்லை.

அளவைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள்வரை மிதமான உடல் உழைப்பு தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்த பழைய நிபந்தனை அதில் நீக்கப்பட்டுவிட்டது. கடைக்கு நான்கு நிமிடம், மாடிக்கு இரண்டு நிமிடம் என்று துண்டு துண்டாகச் சேர்வதும் கணக்கில் வரும் என்பதால், விருந்தாளியாக இருப்பவருக்கு இது மிகவும் வசதியான மாற்றம். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நான்கு நாள் பயிற்சி செய்யாததால் ஆண்டு முழுவதும் சேர்த்த உடல்திறன் கரைந்துபோகாது. நான் கவலைப்படுவது நீண்ட பயணம், சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், திடீர் வீராவேசம் ஆகிய மூன்றைப் பற்றித்தான்.

பயணத்திலிருந்து தொடங்கலாம். சென்னையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 620 கிலோமீட்டர். 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் ஏறினால் சாதாரண நாளிலேயே பத்து மணி நேரத்துக்குக் குறையாது. பண்டிகைக்கு முந்தைய இரவு என்றால் சுங்கச்சாவடி வரிசைகளைப் பொறுத்தது. இவ்வளவு நேரம் முழங்காலை மடக்கித் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, கெண்டைக்கால் தசைகள் வேலை செய்வதில்லை. நடக்கும்போது அந்தத் தசைகள் சுருங்கிச் சுருங்கி, காலில் உள்ள இரத்தத்தைச் சிரைகள் வழியாக மேலே பிழிந்து தள்ளுகின்றன; அந்தப் பிழிதல் நின்றுவிட்டால் இரத்தம் காலில் தேங்கும், பாதம் வீங்கும், சிலருக்கு ஆழ்சிரையில் இரத்தம் உறையவும் கூடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு ஆய்வறிக்கை சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்லாமல் பேருந்து, ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களுக்கு அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவிலான ஆபத்துதான் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், பிரசவம் ஆகிச் சில வாரமே ஆனவர்கள், முன்பு இப்படி உறைவு வந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர் கிளம்புவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இருக்கையில் இருந்தபடியே செய்யக்கூடியது எளிது. குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை உயர்த்துங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை உயர்த்துங்கள். விழித்திருக்கும் வரையில் அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை செய்தால் போதும். பேருந்து சாலையோர உணவகத்தில் நிற்கும்போது, பசி இல்லாவிட்டாலும் இறங்கி வண்டியை இரண்டு முறை சுற்றி வாருங்கள். கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். இந்த இடத்தில் குற்றம் அவர்களுடையதல்ல, நம் சாலையோரக் கழிப்பறைகளுடையது. முடிந்தவர்கள் ரயிலைத் தேர்ந்தெடுக்கலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பதை யாரும் தடுப்பதில்லை, படுத்தும் வரலாம்.

இனி வீட்டுக்குள். "ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்கும் தவறை முதலில் விட வேண்டும். இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதற்குப் பதிலாக வேலையை எடுத்துக்கொண்டு அறிவித்துவிட வேண்டும். மூன்று ஆண்டுகளாக நான் கடைப்பிடிக்கும் வழி இது: காலையில் எல்லோரும் எழுவதற்குள் அடுப்படி ஆணியில் மாட்டியிருக்கும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "பாலுக்குப் போய்ட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிடுவேன். பால்காரர் வீடு முக்கால் கிலோமீட்டர் தூரம், வாய்க்கால் கரையோரமாகப் பாதை. பிசான நெல் கதிர் பிடித்து நிற்கும் காலம் அது. கரையில் பனி ஈரம் இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு அவசியம். முதல் ஆண்டு மாமியார் வெகுவாகச் சங்கடப்பட்டார். இரண்டாம் ஆண்டு, "வரும்போது அப்படியே கருவேப்பிலை வாங்கிட்டு வந்துருங்க" என்றார். இந்த ஆண்டு தூக்குவாளியைக் கழுவித் திண்ணையில் அந்த நாற்காலிமேலேயே எடுத்து வைத்திருந்தார்.

அதுபோலவே வாழையிலை அறுத்து வருவது, பனங்கிழங்கை மண் போகக் கழுவுவது, குழந்தைகளை ஆற்றுக்கு அழைத்துப்போவது ஆகியவற்றில் எதையும் ஒரு விருந்தாளி கௌரவக் குறைவு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். காணும் பொங்கலின் நோக்கமே பெரியவர்களை நேரில் போய்ப் பார்ப்பதுதான். மூன்று தெரு தள்ளியுள்ள சித்தப்பா வீட்டுக்கும் பைக்கை எடுப்பதை மட்டும் நிறுத்தினால், ஐந்தாறு வீடு போய்வருவதில் அன்றைய நடை முடிந்துவிடும். வீட்டிலேயே அடைந்து கிடக்கும் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மெதுவாகத்தான் வருவார், ஆனால் உறவினர் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போய்வருவது, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியவருக்கு ஆண்டில் அபூர்வமாகக் கிடைக்கிற நடை.

மேலே சொன்னதெல்லாம் உட்கார வைக்கப்படுகிறவர்களுக்கு. அதே வீட்டில் நிற்க வைக்கப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அதிகாலைக் கோலத்திலிருந்து இரவுப் பாத்திரம்வரை பதினைந்து மணி நேரம் காலில் நிற்கும் பெண்களிடம் "சுறுசுறுப்பாக இருங்கள்" என்று அறிவுரை சொல்வது அபத்தம். அடுப்பின்முன் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதும் கெண்டைக்காலுக்கு உட்கார்ந்திருப்பதைப் போன்றதுதான். இரத்தம் தேங்கும், சிரைச் சுருட்டல் (வெரிகோஸ் வெயின்) உள்ளவர்களுக்குக் கால் கனக்கும். அவர்களுக்குத் தேவை அரை மணிக்கொருமுறை ஒரு முக்காலி, காய் நறுக்கும் வேலையை மேசைக்கு மாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாத்திரம் கழுவ இன்னொரு கை. நாற்காலியிலிருந்து எழ வழி தேடும் ஆண்களுக்கு இதைவிடப் பக்கத்தில் உள்ள உடற்பயிற்சி வேறு இல்லை.

சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்துக்கு வருவோம். சர்க்கரைப் பொங்கலும் வடையும் உண்ட பிறகு, ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை உச்சத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில்தான் நாம் பாயை விரிக்கிறோம். சுருங்கி விரியும் தசை இன்சுலினின் உதவி இல்லாமலும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பதற்குப் பலன் உண்டு. தூங்கக் கூடாது என்று சொல்லவில்லை, நடந்துவிட்டுத் தூங்குங்கள். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது; இருபது பேர் உட்காரும் பந்தியில் இரண்டு மூன்று பேராவது இந்தக் கணக்கில் வருவார்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. பொங்கல் பொங்க நல்ல நேரம் பார்ப்பதால் காலைச் சாப்பாடு பத்து, பதினோரு மணிக்குத் தள்ளிப்போவது வழக்கம். வழக்கம்போல ஏழு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டோ இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டோ வெறும் வயிற்றோடு வாய்க்கால் கரையில் நடக்கப் போனால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாமிக்கு முதலில் படைக்க வேண்டும் என்பதற்காக நோயாளியைப் பட்டினி போடச் சொல்லும் சாமி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை; அவருக்கு இரண்டு இட்லி முன்பே கொடுத்துவிடலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் விறகடுப்பின் பக்கம் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். தணலை மிதித்தது தெரியாமல், கொப்புளம் உடைந்த பிறகு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பந்தியில் தரையில் உட்கார வேண்டியதில்லை. பழைய வீட்டில் தரையோடு அமைந்த கழிப்பறைதான் இருக்கும் என்றால், நடுவில் துளையிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

கடைசியாக வீராவேசம். நாற்பத்தாறு வயது நோயாளி ஒருவர், கணினித் துறையில் வேலை பார்ப்பவர், ஓட்டப் பந்தயத்தில் மைத்துனரை வெல்வதற்காகப் பாய்ந்த மூன்றாவது அடியில், பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்ததுபோல உணர்ந்து திரும்பிப் பார்த்திருக்கிறார், பின்னால் யாருமில்லை. அறுந்தது அவருடைய குதிகால் தசைநார். வீக்கம் என்று நினைத்து நான்கு நாள் எண்ணெய் போட்டு நீவியதால் சிகிச்சை தாமதமானது. அப்படி உதைத்ததுபோல உணர்ந்து, அந்தக் காலின் முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியாமல் போனால், அன்றே எலும்பு மூட்டு மருத்துவரிடம் போக வேண்டும். விளையாட ஆசைப்படுகிறவர்கள் பத்து நிமிடம் நடந்து, மெல்ல ஓடி, உடல் சூடான பிறகு களத்தில் இறங்கட்டும்; போட்டி என்றால் உறியடி போதும், ஓட்டத்தைப் பையன்களுக்கு விட்டுவிடலாம். நிறைந்த எரிவாயு உருளை, உள்ளே 14.2 கிலோ வாயுவையும் இரும்பின் எடையையும் சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்திருந்த முதுகோடு அதைக் குனிந்து தூக்கி, "பரவால்ல, நான் வைக்கிறேன்" என்று சொல்லும் மாப்பிள்ளைகள்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் முதல் வகையினருக்கு ஆண்டுதோறும் ஆள் சேர்க்கிறார்கள். உருட்டிச் செல்லுங்கள், அல்லது இரண்டு பேராகப் பிடியுங்கள்.

திரும்பும் பயணம் போகும் பயணத்தைவிட மோசமாக இருக்கும். கால் வைக்கும் இடத்தில் அரிசிப் பையும் கரும்புக் கட்டும் தேங்காய் மூட்டையும் வந்துவிடும். அவற்றைக் கீழே சரக்கு அறையில் போட்டுவிட்டு, கால் நீட்ட இடம் வைத்துக்கொள்ளுங்கள். வந்து சேர்ந்த பிறகு இரண்டு கால்களும் கொஞ்சம் வீங்கி, ஒரு நாளில் வடிந்துவிட்டால் கவலையில்லை. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் சிவப்பும் தெரிந்தால் அதைச் சுளுக்கு என்று நினைத்து நீவக் கூடாது, என்னைப் போன்றவரிடமும் முதலில் வரக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். பயணம் முடிந்து சில வாரங்கள்வரை இது தலைகாட்டக்கூடும் என்பதால், மருத்துவர் கேட்காவிட்டாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்ததையும் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.