ஸ்கேனுக்காகக் காப்பை அடகு வைக்க முதல்

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் இலவசம். விதியைப் பற்றி இவ்வளவு போதும். கர்ப்பப்பை, சூலகப் புற்றுநோய் என்று சந்தேகம் வந்த பெண்கள் அலைக்கழிக்கப்படுவது அந்த இலவசத்தின் வாசலில்தான்.

முதலில் துண்டு, அதாவது ஸ்கேன் எடுக்கச் சொல்லும் சீட்டு. தனியாரில் சனல் பண்ணிய (காசு கட்டிப் பார்த்த) டொக்டர் எழுதிய துண்டோடு நேரே அரசாங்க ஸ்கேன் பகுதிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அதே டொக்டர் அங்கும் வேலை செய்கிறார் என்று சொல்லியும் பயனில்லை. கிளினிக்கில் பதிந்து, அங்கிருந்து போகும் கோரிக்கைதான் செல்லும். ஆகவே சனலுக்குப் போன அன்றே, "பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒரு கடிதம் தாங்கோ டொக்டர்" என்று கேட்டு வாங்குங்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்கள் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்கு வருவது நல்லது.

அடுத்தது, எந்த ஸ்கேன் என்பது. புற்றுநோயை உறுதிசெய்வது சதைத்துண்டுப் பரிசோதனை. அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று காட்டுவதுதான் ஸ்கேனின் முக்கிய வேலை. கர்ப்பப்பைக் கழுத்தில் என்றால், பக்கத்துத் திசுவுக்குப் பரவியதா என்று எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். பரவியிருந்தால் பெரும்பாலும் கத்தி வைக்காமல் கதிர்ச்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். நோய் எந்தக் கட்டத்தில் என்று பிரிக்கும், 2018இல் திருத்திய சர்வதேச நிலைப்பிரிப்பில், ஸ்கேனில் இடுப்பு நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் தெரிந்தாலே குறைந்தது மூன்றாம் நிலை. சூலகத்துக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு நெஞ்சு, வயிறு, இடுப்புக்குச் சேர்த்து சிடி. மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால் உள்வழி (யோனி வழியாகப் பார்க்கும்) அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள்.

அயலவர் பேச்சைக் கேட்டு, கிளினிக்கில் யாருமே கேட்காத பெட் (PET) ஸ்கேனுக்காக, அதாவது உடம்பு முழுக்கப் புற்றுநோயைத் தேடும் ஸ்கேனுக்காகக் காப்பை அடகு வைத்த ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அவவுக்குத் தேவைப்பட்டது எம்ஆர்ஐ. விலை கூடினது திறமானது என்று இந்த விஷயத்தில் கிடையாது.

இனித் திகதி. "இப்ப திகதி இல்ல, பிறகு வந்து பாருங்க" என்றால் வீட்டுக்குப் போகாதீர்கள். கொப்பியில் ஒரு திகதியை எழுதித் தரச் சொல்லுங்கள். சதைத்துண்டு முடிவில் புற்றுநோய் என்று வந்திருந்தால், கவுண்டரில் நின்று மன்றாடிப் பலனில்லை. கிளினிக் வைத்திய நிபுணரிடம் திரும்பிப் போய் 'அவசரம்' என்று எழுதுவியுங்கள். மெஷின் பழுது என்றால், வெளியில் எடுக்கத் துண்டு தருவதற்கு முன் வேறு அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். கேட்காதவருக்கு அதை யாரும் தானாக நீட்டுவதில்லை.

எதற்கும் பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆஸ்பத்திரித் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். சாதாரணமாக முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் அவகாசம் உண்டு. உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். உயிரோடு சம்பந்தப்பட்டது என்ற வரியைக் கடிதத்தின் தலையிலேயே எழுதுங்கள். கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் கதிரையை விட்டு எழும்ப வேண்டாம்.

ஸ்கேன் நாளில் ஆட்களைத் திருப்பி அனுப்பப் பல நேரம் காரணமாவது, செய்யாமல் விட்ட ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை. மருந்தேற்றி எடுக்கும் சிடிக்குச் சிறுநீரகம் சரியா என்று பார்க்க, கிரியேட்டினின் முடிவு வேண்டும். இதை முதலே சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. வெருகலிலிருந்து விடிய முதல் பஸ் ஏறி, பட்டினியோடு வந்தவரிடம் பத்து மணிக்குச் சொல்வார்கள். திகதி வாங்கும்போதே கேளுங்கள்: இரத்தம் சோதிக்க வேண்டுமா, எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது? சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் குடிப்பதையும், உடம்புக்குள் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் அதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

றிப்போட் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மகரகம, தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினால் அங்கே படத்தையே பார்க்கக் கேட்பார்கள். இல்லையென்றால் திரும்பவும் ஸ்கேன், திரும்பவும் வரிசை. இறுவட்டில் படங்களைப் பதிந்து தரச் சொல்லுங்கள். றிப்போட்டைப் போனிலும் படமெடுத்து வையுங்கள்.