கோபத்தைக் கொட்டிவிட்டால் தீர்ந்துவிடுமா?

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களிலிருந்து ஆலோசனைக்கு வருபவர்கள் சொல்லும் சண்டைகளில் பல ஒரே மாதிரி தொடங்குகின்றன. ஷிப்மென்ட் தேதி நெருங்கியிருக்கும். டையிங்கிலிருந்து, அதாவது சாயப்பட்டறையிலிருந்து, வந்த துணியில் ஷேடு (நிறச் சாயல்) மாறியிருக்கும். வாங்குபவரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் புரொடக்ஷன் மேனேஜரைக் குறை சொல்வார், அவர் டையிங்கைக் கைகாட்டுவார். வாக்குவாதம் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஆனால் டீக்கடையிலும், வீடு திரும்பும் பேருந்திலும், இரவில் வாட்ஸ்அப்பிலும் அதே பேச்சை மீண்டும் மீண்டும் அசைபோடுவதுதான் இவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது.

யாரிடமாவது கொட்டித் தீர்த்தால் கோபம் அடங்கிவிடும் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாகச் சொல்கிறது. கோபமூட்டப்பட்ட 600 கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர், தம்மைச் சீண்டியவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தினர். மற்றொரு பிரிவினர் உடற்பயிற்சியை நினைத்துக் குத்தினர். மூன்றாம் பிரிவினர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தனர். சீண்டியவரை நினைத்துக் குத்தியவர்களுக்கே கோபம் அதிகமாக இருந்தது; சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் எதிராளியைத் தாக்கும் போக்கு மிகக் குறைவாக இருந்தது. டீக்கடைப் புலம்பலில் நாம் செய்வதும் ஏறக்குறைய அந்த முதல் பிரிவினர் செய்ததே.

அதற்காக முகத்தை இறுக்கிக்கொண்டு அடக்கிவைப்பதும் வழியன்று. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் மறைப்பவரின் உடல் அமைதியடைவதில்லை என்பதை ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் 1990களில் செய்த ஆய்வுகள் காட்டின. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், உரையாடும் இருவரில் ஒருவர் தம் உணர்ச்சியை மறைத்தபோது எதிரில் இருந்தவரின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது. (“அமைதியாக இருங்கள்” என்ற அறிவுரை அலுவலகங்களில் பெரும்பாலும் பதவியில் கீழே இருப்பவருக்கே வழங்கப்படுகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.)

நான் பரிந்துரைப்பது, பேச்சை நேரம் குறித்துத் தள்ளிவைப்பதை. “பிறகு பேசலாம்” என்று மட்டும் சொன்னால் அது தட்டிக்கழிப்பதாகவே கேட்பவருக்குப் படும். “நான்கு மணிக்கு, ஒப்புதல் பெற்ற லேப் டிப்பையும் இந்தத் துணியையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்” (லேப் டிப் என்பது சாயமேற்றிய மாதிரித் துணி) என்றால் இருவருக்கும் மூச்சுவிட இடம் கிடைப்பதோடு, ஆளைப் பற்றிய பேச்சு துணியைப் பற்றியதாக மாறும். அந்த இடைவெளியில் வாட்ஸ்அப் குழுவில் எதையும் எழுதாமல், தம்மை உறுத்துவது என்ன என்பதை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்கலாம். “என்னை மதிப்பதே இல்லை” என்பதற்கு எதிராளியால் மறுப்புத்தான் சொல்ல முடியும். “ஷேடு மாறியது திங்களன்றே தெரிந்திருந்தும் வியாழன்வரை எனக்குச் சொல்லவில்லை” என்றால் அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இவையெல்லாம் வேலை பற்றிய பிணக்குகளுக்கே பொருந்தும். சாதியைச் சொல்லித் திட்டுவதையும் பாலியல் சீண்டலையும் உணர்ச்சி மேலாண்மையால் சமாளிக்குமாறு எவரிடமும் சொல்லக் கூடாது, அவை புகாருக்குரியவை. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பாதிக்கப்பட்ட பெண் மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். தூக்கமின்மையோ பதற்றமோ வாரக்கணக்கில் நீடித்தால், 14416 என்ற, அரசின் இலவச மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.